அறைச் சூட்டைக் கழித்துப் பாருங்கள்

வேலூரில் மே மாதம், ஆஸ்பெஸ்டாஸ் போட்ட மாடி அறையில் உட்கார்ந்து கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன் நான். 2023 கத்திரியில் என் கம்ப்யூட்டர் மதியம் இரண்டு மணிக்கு மேல் மந்தமாகிவிடும். தை மாதம் நாற்பது நிமிடத்தில் முடிந்த ரெண்டர் ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடும். அதையே விடிகாலையில் போட்டால் ஒழுங்காக முடியும். அந்தத் துப்பு ஒன்றே போதும், எனக்குத்தான் உறைக்கவில்லை. வைரஸ் என்று நினைத்து விண்டோஸை மறுபடி ஏற்றினேன். பார்க்க வந்த சர்வீஸ் தம்பி, "ராம் பத்தலைண்ணே" என்றார். இன்னொரு 16 ஜிபி வாங்கிப் போட்டேன். மதியமானதும் அதே கதை.

கடைசியில்தான் ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இறக்கினேன். டாஸ்க் மேனேஜரில் தனி கிராபிக்ஸ் கார்டின் சூடு தெரியும், பிராசஸரின் சூடு தெரியாது. என்னுடையது ஐ5 10400. அதற்கு இன்டெல் வைத்திருக்கும் எல்லை 100 டிகிரி. அதைத் தொட்டதும் மெஷின் அணைந்துவிடாது, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். திராட்லிங் என்பது இதுதான். பட்டியலில் அதற்கென்றே ஒரு வரி உண்டு. ரெண்டர் தொடங்கிய மூன்றாவது நிமிடம் அதிலிருந்த 'நோ' சிவப்பு நிறத்தில் 'யெஸ்' ஆனது. அடப்பாவி, இதற்கா ராம் வாங்கினேன்!

இந்த மென்பொருளில் பார்க்க வேண்டியது 'மேக்ஸிமம்' என்ற பத்தியை. வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தால் சில நொடிகளில் இருபது டிகிரி இறங்கி, ஒன்றுமே நடக்காதது மாதிரி நிற்கும். அரை மணி நேரம் ரெண்டர் ஓடட்டும், பிறகு அந்தப் பத்தியைக் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே சுவரில் ஒரு சாதாரண தெர்மாமீட்டர் மாட்டி, அறைச் சூட்டைக் கழியுங்கள். ஃபேன் காற்றால் குளிர்கிற எந்த பிராசஸரும் அறையைவிடக் குளிர்ந்து போகாது. அறை 38 இருக்கும்போது 80 காட்டினால் பதற வேண்டாம். அறை 26 இருக்கும்போது அதே 80 காட்டினால் உள்ளே ஏதோ கோளாறு.

என் மெஷினில் கோளாறு இரண்டு. கதவைக் கழற்றி, பிராசஸர் மேல் இருக்கும் ஃபேனைத் தனியாக எடுத்தேன். அதற்கடியில் இருந்த அலுமினியத் தகடுகளே கண்ணுக்குத் தெரியவில்லை. சாம்பல் நிறக் கம்பளி மாதிரி தூசி, விரலால் இழுத்தால் ஒரே துண்டாக வருகிறது. முகர்ந்தால் சாம்பிராணி வாசனை! செவ்வாய், வெள்ளி தவறாமல் அம்மா இந்த அறைக்கும் புகை போடுவார். தூசி அப்படிப் பிசுபிசுத்து ஒட்டியதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். மூன்று ஆயுத பூஜைக்கு வெளியே துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேனே தவிர, ஒருமுறைகூட உள்ளே திறந்து பார்க்கவில்லை.

இரண்டாவது, கூலரின் நான்கு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று போர்டிலிருந்து பாதி எழும்பியிருந்தது. ஒரு மூலை தூக்கிக்கொண்டால் பிராசஸரோடு ஒட்டி உட்காராது. நடுவிலிருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாய் உதிர்ந்தது. பழையதை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, பட்டாணி அளவு புதிதாக வைத்தேன். கால்களை எதிரெதிர் மூலையாக அழுத்தினேன். ஒவ்வொன்றும் 'டிக்' என்று சொல்ல வேண்டும். சொல்லாத காலை விட்டுவிடாதீர்கள்.

புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் கன்னாபின்னாவென்று சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். ரைசன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. ஏஎம்4 போர்டில் கூலரை நேராக மேலே இழுத்தால், இறுகிய பேஸ்டோடு பிராசஸரும் பிடுங்கிக்கொண்டு வரும். என் நண்பர் ஒருவர் அப்படி இழுத்து, வளைந்த பின்களை ஊசியால் நிமிர்த்த ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை செலவழித்தார். மெஷினைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி எடுக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் மேஜையில் சிபியு வைக்க ஓர் அறை தருகிறார்களே, பின்பக்கம் பலகை அடித்து, அதில் நம்பிக்கை இல்லை. மெஷின் வெளியே விடும் சூடான காற்றையே அது திரும்ப இழுக்கிறது. வெளியே எடுத்து வைத்ததிலேயே எனக்கு ஆறு டிகிரி இறங்கியது. கதவைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைக்கும் வைத்தியத்தையும் செய்து பார்த்தவன்தான். சூடு குறையும், உண்மை. ஒரே மாதத்தில் தூசி பழையபடி ஏறிவிடும்.

எல்லாம் முடிந்தபின் அறை 38 இருந்த மதியம் ரெண்டரில் அதிகபட்சம் 83. அடுத்த ஜனவரியில் அறை 26, மெஷின் 71. கழித்தால் இரண்டுமே 45. இப்போது அந்த 45-ஐ மானிட்டர் ஓரத்தில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அது 50-ஐத் தாண்டினால் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு மெஷினோடு மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். அம்மாவிடம் சாம்பிராணி பற்றிப் பேசிப் பார்த்தேன். வாசல் வரைக்கும் மட்டும் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.