ஏர் கன்னில் வேகம் குறைந்தால்: ஸ்பிரிங்கைக் குறை சொல்வதற்கு முன்

விருதுநகர் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சி, சிவகாசி சித்திரைப் பொங்கல், இருக்கன்குடி ஆடித் திருவிழா என்று எங்கே போனாலும் பலூன் சுடும் கடை ஒன்று இருக்கும். அங்கே இருப்பதும், குறிபார்த்துப் பழகுகிற பிள்ளைகள் உள்ள வீடுகளில் இருப்பதும் பெரும்பாலும் ஸ்பிரிங்கில் இயங்கும் 0.177 அங்குல ஏர் கன்தான். வேகம் குறைந்ததும் எல்லோரும் செய்வது ஒன்றே: இன்னும் கடினமான ஸ்பிரிங் வாங்கிப் போடுவது. அதற்குப் பிறகும் குண்டு சோர்ந்துதான் போகும். ஏனென்றால் குண்டைத் தள்ளுவது ஸ்பிரிங் அல்ல, அது அழுத்திக் கொடுக்கும் காற்று. அந்தக் காற்று எங்கே தப்பிக்கிறது என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை.

1. வேகம் குறைந்தது என்று கண்ணால் முடிவு கட்டாதீர்கள். 10 மீட்டர் தூரத்தில் மணல் நிரப்பிய பெட்டியை வைத்து, அதன் முன்னால் ஒரு தகர மூடியைச் சாய்த்து வையுங்கள். துப்பாக்கிக்கும் மூடிக்கும் சரியாக நடுவில், சுடும் பாதையிலிருந்து நன்றாக விலக்கி, செல்போனில் ஒலிப்பதிவை ஓட விடுங்கள். சுட்ட சத்தத்துக்கும் தகரத்தில் பட்ட சத்தத்துக்கும் உள்ள இடைவெளியை ஏதாவது ஒலித்தொகுப்புச் செயலியில் அளக்கலாம். போன் நடுவில் இருப்பதால் இரண்டு சத்தமும் ஒரே தூரம் வந்து சேரும். இடைவெளியே குண்டு பறந்த நேரம். 0.06 விநாடி என்றால் வேகம் விநாடிக்குச் சுமார் 167 மீட்டர். ஐந்தாறு முறை சுட்டுச் சராசரி எடுங்கள். கண்ணாடி அணியாமல் சுட வேண்டாம்.

2. குண்டை மாற்றினீர்களா என்று யோசியுங்கள். 0.5 கிராம் குண்டு 170 மீட்டர் வேகத்தில் போகிற அதே துப்பாக்கியில் 0.7 கிராம் குண்டு 144 மீட்டர் வேகத்தில்தான் போகும். ஆற்றல் இரண்டிலும் ஏறக்குறைய 7.2 ஜூல். இது பழுதே இல்லை.

3. குண்டு குழலுக்குள் விரல் அழுத்தம் இல்லாமல் தானாக நழுவி விழுந்தால் அது சிறியது. காற்று அதைச் சுற்றி ஓடிவிடும். 'பாவாடை' என்கிற பின்விளிம்பு நசுங்கிய ஈயக் குண்டுகளும் அப்படியே. டப்பாவைக் கொட்டிப் பொறுக்கிப் போடுங்கள்.

4. அதிகம் பேர் கவனிக்காத இடம் குழல் மடங்கும் வாய். அங்கே ஒரு ஓ-ரிங் அல்லது தோல் வளையம் இருக்கும். மெல்லிய டிஷ்யூ பேப்பர் கீற்று ஒன்றை அந்த இணைப்பின் மேல் போட்டு, மணல் பெட்டியை நோக்கிச் சுடுங்கள். கீற்று துள்ளினால் காற்று ஒழுகுகிறது. ஆனைக்குட்டம் அணையில் மழைத் தண்ணீர் எவ்வளவு வந்தாலும் ஷட்டர் கசிந்தால் என்ன ஆகும் என்று விருதுநகர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இங்கேயும் அதே கணக்கு. வளையத்தை மாற்றுங்கள். உலோக விளிம்பைவிட அது மயிரிழை உயரமாக நிற்க வேண்டும். தாழ்ந்திருந்தால் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் வட்டம் ஒன்றை வெட்டி வைக்கலாம். கீல் ஆணி தளர்ந்து குழல் பக்கவாட்டில் ஆடுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

5. பழைய மாடல்களில் பிஸ்டன் முனையில் தோல் வாஷர் இருக்கும். நம் ஊர் வெயிலில் அது காய்ந்து சுருங்கும். சிலிக்கான் எண்ணெய் ஓரிரு சொட்டு விட்டு, ஓர் இரவு குழல் மேல்நோக்கி இருக்கும்படி நிறுத்தி வைத்தால் தோல் ஊறி மறுபடி அடைக்கும். செலவில்லாத இந்த வைத்தியத்திலேயே பல துப்பாக்கிகள் சரியாகிவிடும்.

6. தையல் மெஷின் எண்ணெய், என்ஜின் ஆயில், தேங்காய் எண்ணெய் எதையும் காற்று அறைக்குள் விடாதீர்கள். அழுத்தப்படும் காற்று சூடேறி, அந்த எண்ணெய் உள்ளேயே தீப்பிடித்து வெடிக்கும். புகையும் கருகல் வாடையும் திடீரென்று கூடுகிற சத்தமும் அதன் அடையாளம். அப்போது வேகம் கூடியதுபோல் தோன்றும். உண்மையில் வாஷர் எரிந்து ஸ்பிரிங் உடையும். தீ என்றால் நம் பகுதிக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: மத்திய அரசின் பட்டாசு ஆராய்ச்சி மையமே ஆனைக்குட்டத்தில் இருக்கிறது. சுற்றிலும் பட்டாசு ஆலைகள், குடோன்கள். திரி, மருந்து, வெடி எது இருக்கிற வீட்டிலும் ஏர் கன்னை எடுக்கவே கூடாது.

7. இப்போது ஸ்பிரிங்குக்கு வரலாம். நீளமான ஸ்பிரிங் போட்டால் மடக்கும்போது சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டி, பிஸ்டன் முழுத்தூரம் பின்னால் போகாது. மிகக் கடினமானதைப் போட்டால் பிஸ்டன் முனையில் மோதித் துள்ளித் திரும்பும். அழுத்தம் குண்டுக்குப் போகாமல் வீணாகும். உங்கள் மாடலுக்குரிய அளவே போதும். மடக்கும்போது கரகரவென்று உரசினால் ஸ்பிரிங் உடைந்தோ வளைந்தோ இருக்கலாம். மடக்கிய நிலையில் மணிக்கணக்காக வைப்பதும் ஸ்பிரிங்கைத் தளர்த்திவிடும்.

8. குண்டு இல்லாமல் சுடாதீர்கள். மெத்தென்று தடுக்கக் காற்று இல்லாததால் பிஸ்டன் நேராக உலோகத்தில் மோதும். பலூன் கடைத் துப்பாக்கிகள் சீக்கிரம் சாவதற்குப் பிள்ளைகள் வெறுமனே தட்டிப் பார்ப்பதும் ஒரு காரணம்.

9. குழலைச் சுத்தம் செய்யத் தூண்டில் நரம்பில் பருத்தித் துணித்துண்டைக் கட்டி, குண்டு போடும் பக்கத்திலிருந்து இழுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம்.

10. திறந்த குழலை எப்போதும் ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டே குண்டு போடுங்கள். கொக்கி நழுவினால் குழல் அறைந்து விரலை நசுக்கும். துப்பாக்கியைப் பிரிக்கும்போதும் அப்படித்தான்: உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது, அடைப்பைக் கழற்றியதும் முகத்தில் பாயும். அழுத்திப் பிடிக்கும் கருவி இல்லையென்றால் பட்டறையில் கொடுங்கள்.

11. பிள்ளைகள் வைத்திருக்கும் 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டுத் துப்பாக்கியிலும் இதே நோய்தான். பிரித்த சிலிண்டரின் முன்துளையை விரலால் அடைத்துப் பிஸ்டனைத் தள்ளுங்கள். தடுத்து நின்றால் நல்லது. உள்ளே போய்விட்டால் பிஸ்டன் தலையின் ஓ-ரிங் போயிற்று. அது சரியாக இருந்தும் வேகம் இல்லையென்றால் குழல் வாயில் உள்ள ரப்பரை மாற்றுங்கள்.

12. எவ்வளவு வேகம் போதும்? 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் துப்பாக்கிகள் விநாடிக்குச் சுமார் 175 மீட்டர் வேகத்தில்தான் சுடும். அந்த வேகத்தில்தான் அரை மில்லிமீட்டர் புள்ளியைக் குறிவைக்கிறார்கள். அதற்கு மேல் துரத்துவதில் பொருளில்லை. சட்டமும் ஓர் எல்லை வைத்திருக்கிறது: 2016 ஆயுத விதிகளின்படி 0.177 அளவுக்கும் 20 ஜூலுக்கும் உட்பட்ட ஏர் கன்னுக்குத்தான் உரிமம் தேவையில்லை. 0.5 கிராம் குண்டு 283 மீட்டர் வேகத்தைத் தொட்டாலே 20 ஜூல் ஆகிவிடும்.

13. சரிசெய்த துப்பாக்கியைச் சோதிக்க அணைக்கரைக்குப் போகாதீர்கள். அங்கே இறங்கும் நாரையும் கொக்கும், காட்டில் திரியும் மயிலும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருப்பவை. சுட்டால் சிறை உண்டு. மணல் பெட்டியையும் காகிதக் குறியையும் மட்டும் சுடுங்கள். பிள்ளைகள் சுடும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.