கண்ணை மூடச் சொல்வதற்கு முன் திரையை மூடுங்கள்

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஸ்மார்ட் போர்டு வந்த பிறகு பிள்ளைகள் பாடத்தை ஆசையாகப் பார்க்கிறார்கள். மறுநாள் கேள்வி கேட்டால், வீடியோவில் ஓடிய இசைதான் ஞாபகத்தில் நிற்கிறது. கவனம் சிதறுகிறது என்று, தினமும் காலையில் பத்து நிமிடம் கண்ணை மூடி உட்காரும் பயிற்சியைத் தொடங்கச் சொல்கிறார் தலைமையாசிரியர். அதையும் ஒரு செயலியில் வரும் குரலைப் போட்டுத்தான் செய்ய வேண்டுமாம். கடைசி பெஞ்சில் சிரிப்பு, முதல் பெஞ்சில் தூக்கம். என்ன செய்யலாம்?

- பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: சிரிக்கிறவர்களைத் திட்டாதீர்கள். அந்த வயதில் ஒரு வகுப்பே சேர்ந்து கண்ணை மூடினால், யாராவது ஒருவருக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். தூங்குகிற பிள்ளை இரவு எத்தனை மணிக்குப் படுத்தது என்று மட்டும் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

கண்ணை மூடி உட்காரும் இந்தப் பயிற்சியை 1979-இல் அமெரிக்காவில் ஜான் கபாட்-ஸின் என்பவர் மருத்துவமனைக்குள் கொண்டுவந்தபோது, வந்து உட்கார்ந்தவர்கள் தீராத வலியோடு இருந்த பெரியவர்கள். விரும்பி வந்தவர்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பயன்படும் என்று பிரிட்டனில் 'மிரியாட்' என்ற பெரிய ஆய்வு நடந்தது. 85 பள்ளிகள், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள், ஏறக்குறைய உங்கள் வகுப்பு வயதினர். 2022-இல் வந்த முடிவு: வழக்கமாக நடக்கும் வாழ்க்கைத்திறன் வகுப்புகளைவிட இந்தப் பயிற்சி மாணவர்களின் மனநலத்துக்குக் கூடுதலாக எதுவும் செய்துவிடவில்லை. வீட்டில் செய்து பார்க்கச் சொன்னதைப் பெரும்பாலான பிள்ளைகள் செய்யவும் இல்லை. ஆசிரியர்களின் பணிச்சோர்வுதான் சற்றுக் குறைந்தது! எனவே அந்தப் பத்து நிமிடம் பலன் தராவிட்டால் குறை உங்களிடம் இல்லை. யாரையும் கட்டாயப்படுத்திக் கண்ணை மூட வைக்கவும் வேண்டாம். வீட்டில் அடி, சண்டை பார்த்து வருகிற பிள்ளைக்குக் கண்ணை மூடினால் அதுதான் வந்து நிற்கும்.

கவனத்தை அறிவியல் பாடத்துக்குள்ளேயே பழக்கலாம். ஆளுக்கு ஒரு வேப்பங்கொத்து கொடுங்கள். இரண்டு நிமிடம் பேச்சில்லாமல் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கொத்தை மறைத்துவிட்டு, ஒரே ஓர் இலையை நோட்டில் வரையச் சொல்லுங்கள். அநேகமாக எல்லாரும் நடுநரம்புக்கு இரு பக்கமும் சமமாக வரைவார்கள். மறுபடி இலையை எடுத்துக் காம்போரம் பார்க்கச் சொல்லுங்கள். அடிப்பகுதி ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் ஒடுங்கியும் இருக்கும். பிறந்ததிலிருந்து வேப்பமரத்தடியில் விளையாடிய பிள்ளை அதை அன்றுதான் பார்க்கும். நீங்கள் 'அமைதி' என்று கத்த வேண்டியிருக்காது.

ஸ்மார்ட் போர்டை நான் குறை சொல்லமாட்டேன். இதய வால்வு திறந்து மூடுவதையும் செல் பிரிவதையும் கரும்பலகையில் காட்ட முடியாது. பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலியில் அவற்றைக் காட்டலாம் என்றால் தாராளமாகக் காட்டுங்கள். ஆனால் 'விசையும் அழுத்தமும்' பாடத்தில், தண்ணீர் நிறைந்த கண்ணாடி டம்ளரை அட்டையால் மூடிக் கவிழ்க்கும் சோதனைக்கு வீடியோ எதற்கு? டம்ளரும் அட்டையும் கீழே ஒரு வாளியும் போதும். கவிழ்ப்பதற்கு முன் நிறுத்தி, 'தண்ணீர் கொட்டுமா, கொட்டாதா, ஏன்?' என்று ஒவ்வொருவரையும் நோட்டில் ஒரு வரி எழுத வையுங்கள். எழுதிவிட்ட பிள்ளைக்குத் தன் பதில் சரியா என்று தெரிந்தாக வேண்டும். அப்புறம் கண் டம்ளரைவிட்டு நகராது. வீடியோ போடும்போதும் இதே முறைதான். மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடவிடாதீர்கள். திருப்பம் வரும் இடத்தில் நிறுத்தி எழுத வையுங்கள். பின்னணி இசை தொந்தரவாக இருந்தால் ஒலியை அணைத்துவிட்டு நீங்களே பேசுங்கள். உங்கள் குரல் அவர்களுக்குப் பழகியது.

வேலை முடிந்ததும் திரையை அணையுங்கள். பாதியில் நிற்கும் படம் வகுப்பை இழுத்துக்கொண்டேயிருக்கும். கனடாவில் 2013-இல் கல்லூரி மாணவர்களிடம் செய்த சோதனையில், பாட நேரத்தில் லேப்டாப்பில் வேறு வேலை பார்த்தவர்களுக்கு மட்டுமல்ல, அவர்கள் திரை கண்ணில் படும்படி உட்கார்ந்திருந்தவர்களுக்கும் மதிப்பெண் குறைந்தது.

கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒன்று: உங்கள் போன். கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் வருகைப்பதிவு, வாட்ஸ்அப் குரூப்பில் 'உடனே அனுப்பவும்' என்று வரும் படிவங்கள் - இதெல்லாம் உங்கள் தப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் டீச்சர் பாடத்தின் நடுவே குனிந்து திரையைத் தள்ளுவதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். வருகைப்பதிவு முடிந்ததும் போனைச் சைலன்ட்டில் போட்டு மேஜை அறைக்குள் வைத்துவிடுங்கள். அவசரமென்றால் ஆள் அனுப்பச் சொல்லுங்கள்.

தலைமையாசிரியரிடம் மோத வேண்டாம். 'செயலிக் குரலுக்குப் பதில் இந்தப் பத்து நிமிடத்தை நானே நடத்திப் பார்க்கிறேன், அடுத்த தேர்வுவரை எட்டாம் வகுப்புக்கு மட்டும் விடுங்கள் சார்' என்று கேளுங்கள். பிள்ளைகளின் நோட்டுகளைக் கையோடு கொண்டுபோய்க் காட்டினால் பேச்சு சுலபமாகிவிடும்.