லேப்டாப்புக்கு எந்த மோட்?

பிள்ளைகளின் ஆன்லைன் தேர்வு நெருங்கினால் நம் சங்க அன்பர்கள் பலர் என்னிடம் கேட்பது இதுதான்: "லேப்டாப்பை எந்த மோடில் வைக்கலாம் சார்?" தில்லியின் மே மாதத்தில் கரண்டும் போய்விட்டால் கேள்வி அவசரமாகிவிடுகிறது.

முதலில் கணக்கு. பிராசஸர் வேலை செய்யும்போது செலவாகும் மின்சாரம், பெரும்பாலும் அதன் வேகத்தையும் வோல்டேஜின் வர்க்கத்தையும் பெருக்கிய அளவில் இருக்கும். 2000-இல் இன்டெல் கொண்டுவந்த ஸ்பீட்ஸ்டெப் பென்டியம் 3-ஐப் பாருங்கள். பிளக்கில் 650 மெகாஹெர்ட்ஸ், 1.6 வோல்ட்; பேட்டரியில் 500 மெகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட். வேகம் குறைவது 23 சதவீதம்; செலவு குறைவதோ ஏறக்குறைய 45 சதவீதம்! பிளஸ் டூ படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்றைய பிராசஸர்கள் வினாடிக்குப் பலமுறை தாமே வேகத்தை மாற்றிக்கொள்கின்றன. எவ்வளவு தாராளமாகச் செலவழிக்கலாம் என்பதை மட்டுமே மோட் மூலம் நாம் சொல்கிறோம். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் பவர் அண்ட் பேட்டரி. 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' வீடியோ எடிட்டிங் போன்ற வேலைக்கு, அதுவும் பிளக்கில் இருக்கும்போது. அன்றாடத்துக்கு 'பேலன்ஸ்டு' தாராளம்.

விடையைக் குறிக்கும் தேர்வுக்கு வேகம் எதற்கு? தொடங்குமுன்பே 'பெஸ்ட் பவர் எஃபிஷியன்சி'யில் வைத்து, திரை வெளிச்சத்தையும் குறைத்துவிடுங்கள். நடுவில் செட்டிங்ஸைத் திறந்தால் தேர்வைக் கண்காணிக்கும் மென்பொருள் சந்தேகப்படலாம். வைஃபை ரவுட்டர் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்பதையும் முதல் நாளே பார்த்துவிடுங்கள்.