வளரும் ஸ்கேட்டர்களை வைத்து ஒரு வீடியோ எடுக்க

ஸ்கேட்போர்டு உலகில் ஒருவரின் பெயர் ஊர் தாண்டிப் போவது பெரும்பாலும் போட்டியில் வாங்கிய கோப்பையால் அல்ல, வீடியோவால்தான். ஒருவரின் பெயரை அச்சிட்ட பலகையை ஒரு ஸ்கேட்போர்டு நிறுவனம் விற்பனைக்கு விட்டால் அவர் புரோ. அதுவரை அமெச்சூர். அமெச்சூராக இருக்கும்போது நிறுவனம் பலகையும் ஷூவும் இலவசமாகக் கொடுக்கும், சில சமயம் பயணத்துக்கும் கூட்டிப்போகும். அங்கிருந்து மேலே ஏற அவர் காட்ட வேண்டியது ஒரு ‘பார்ட்’. வீடியோவில் அவருக்கென்றே ஒதுக்கிய இரண்டு மூன்று நிமிடத்தை அப்படிச் சொல்வார்கள். அந்த நிமிடங்களுக்காக ஒரு வருடம், இரண்டு வருடம்கூட விழுந்து எழுந்திருப்பார்கள். கேமரா பிடிப்பவரை நம்பி அவர்கள் ஒப்படைப்பது அந்த உழைப்பை. அதைக் குறைக்காமல், அரைகுறையாக வெட்டாமல் காட்ட வேண்டும். உங்கள் ஊரில் நன்றாக ஆடும் நாலைந்து பேரை வைத்து அப்படியொரு வீடியோ எடுக்க விரும்புகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் பாருங்கள்

கேமராவைத் தொடுவதற்கு முன் பழைய வீடியோக்களைப் பார்க்க வேண்டும். 1987-இல் ஸ்டேசி பெரால்டா இயக்கி பவல் பெரால்டா நிறுவனம் வெளியிட்ட ‘தி சர்ச் ஃபார் அனிமல் சின்’ கதையும் காட்சிகளுமாக ஒரு திரைப்படம் போலவே நகரும். அடுத்த ஆண்டே கலிஃபோர்னியாவின் எச்-ஸ்ட்ரீட் நிறுவனம் ‘ஷாக்கிள் மீ நாட்’ வீடியோவைக் கொண்டுவந்தது. டோனி மாக்னுசனும் மைக் டெர்னாஸ்கியும் நடத்திய நிறுவனம் அது. கதையெல்லாம் இல்லை. சாதாரண கேம்கார்டரில், தெருவிலும் வீட்டு ராம்ப்பிலும் இளைஞர்கள் ஆடுவதை அப்படியே எடுத்திருந்தார்கள். வெளியே யாருக்கும் தெரியாதிருந்த பலர் அதில் தெரியவந்தார்கள். அதில் மேட் ஹென்ஸ்லி தெருவில் ஆடிய விதத்தைப் பார்த்து ஒரு தலைமுறையே தெருப்பக்கம் திரும்பியது. 1993-இல் தொடங்கிய ‘411 வீடியோ மேகசின்’ இன்னும் ஒரு படி போய், ‘வீல்ஸ் ஆஃப் ஃபார்ச்சூன்’ என்ற பகுதியையே வளரும் ஸ்கேட்டர்களுக்கு ஒதுக்கியது.

இவற்றை முதல் தடவை ரசித்துப் பாருங்கள். அடுத்த தடவை ஒலியை நிறுத்திவிட்டு, கேமரா எந்த உயரத்தில் இருக்கிறது, எந்த நொடியில் வெட்டுகிறார்கள் என்று கவனியுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சக்கரச் சத்தத்தை மட்டும் கேளுங்கள். பாதிப் பாடம் அங்கேயே கிடைத்துவிடும்.

யார் யார்?

நாலைந்து பேர் போதும். பத்துப் பேரைச் சேர்த்தால் யாருக்கும் முழு பார்ட் கிடைக்காது. எல்லோரும் துண்டுதுண்டாக நின்றுவிடுவார்கள். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது யார் பெரிய படிக்கட்டில் குதிக்கிறார் என்பதை மட்டும் பார்க்காதீர்கள். ஒருவர் திண்டில் உரசி ஓடுவதில் கெட்டிக்காரராக இருப்பார், இன்னொருவர் வளைந்த ராம்ப்பில் மிதப்பார், மூன்றாமவர் பலகையைக் கையால் தொடாமல் அதோடு எகிறும் வெறும் ‘ஆலி’யையே அவ்வளவு உயரமாக அடிப்பார். ஒருவர் தரையைத் தள்ளி வரும் விதத்திலேயே அவர் யாரென்று தெரிய வேண்டும். அப்படிப்பட்டவர்களைச் சேர்த்தால் வீடியோ தானாகவே அலுக்காது.

பெண்கள் ஆடுகிறார்கள் என்றால் அவர்களைப் பலரின் கிளிப்புகளைக் கலந்து போடும் கடைசிக் கதம்பத்தில் இரண்டு கிளிப்போடு முடித்துவிடாதீர்கள். 1996-இல் டாய் மெஷின் நிறுவனத்தின் ‘வெல்கம் டு ஹெல்’ வீடியோவில் எலிஸ்ஸா ஸ்டீமருக்கு முழு பார்ட் இருந்தது. அதைப் பார்த்துப் பலகை எடுத்த பெண்கள் ஏராளம். அதே வீடியோவில் ஆடிய ஜேமி தாமஸ் பிற்பாடு மாமல்லபுரத்துக்கு வந்தபோது, வெறுங்காலோடு பலகையில் நின்ற சிறுமி கமலியைப் படமெடுத்தார். ஸ்கேட்டிங் நட்சத்திரம் டோனி ஹாக் அந்தப் படத்தைப் பகிர, உலகம் முழுக்கப் போயிற்று. பிறகு சாஷா ரெயின்போ இயக்கத்தில் ‘கமலி’ என்ற குறும்படமே வந்தது.

இந்த விளையாட்டில் சிறுவர் சிறுமியர் அதிகம். டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் ஸ்ட்ரீட் பிரிவில் தங்கம் வென்ற மோமிஜி நிஷியாவுக்கு அப்போது வயது 13. அதனால் பதினெட்டு வயதுக்குக் கீழே யார் இருந்தாலும் அப்பா அம்மாவிடம் நேரில் போய்ப் பேசுங்கள். எங்கே எடுக்கப் போகிறோம், எங்கே வெளியிடுவோம், அடிபட்டால் யாரைக் கூப்பிடுவோம் என்று சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஹெல்மெட் விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

எல்லோரிடமும் ஒரு பட்டியல் கேளுங்கள்: எந்த ட்ரிக், எந்த இடத்தில். அந்த இடத்தில் அதே ட்ரிக்கை ஏற்கெனவே யாராவது வீடியோவில் போட்டிருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். ஒருவர் செய்ததையே அதே இடத்தில் திரும்பச் செய்வதை ஸ்கேட்டர்கள் மதிப்பதில்லை. புது ட்ரிக் வேண்டும், இல்லாவிட்டால் புது இடம் வேண்டும்.

கருவி

1995-இல் வந்த சோனி வி.எக்ஸ். 1000 கேமராவையும் அதில் மாட்டும், படத்தை உருண்டையாக வளைத்துக் காட்டும் ஃபிஷ்ஐ லென்ஸையும் இன்றும் தேடிப் பிடித்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பலகை தரையில் அடிக்கும் சத்தத்தை அதன் மைக் பிடிக்கும் விதம் அப்படி. ஆனால் முதல் வீடியோவுக்கு அது தேவையில்லை. அகன்ற கோணம் உள்ள நல்ல கைப்பேசி போதும். நொடிக்கு 60 ஃப்ரேம் வைத்து, ஷட்டரை 1/120-க்குக் குறையாமல் பாருங்கள். வெளிச்சத்தையும் ஃபோகஸையும் பூட்டிவிடுங்கள். இல்லையென்றால் நிழலிலிருந்து வெயிலுக்கு வரும்போது படம் பளீரென்று வெளுத்துப்போகும். மேலிருந்து பிடிக்கக் கைப்பிடி ஒன்றும் வேண்டும்.

பணம் செலவழிப்பதென்றால் உங்கள் சொந்தப் பலகையில் செலவழியுங்கள். ஆடுகிறவரின் சக்கரங்கள் பொதுவாக 52 முதல் 54 மில்லிமீட்டர், கல் போலக் கடினம், கடினத்தன்மை அளவில் 99ஏ அல்லது அதற்கு மேல். பின்தொடர்ந்து படமெடுக்கும் உங்களுக்கு அது ஆகாது. 56-லிருந்து 60 மில்லிமீட்டர் வரை, 78ஏ அளவில் மென்மையான சக்கரம் போடுங்கள். படம் நடுங்காது, உங்கள் சக்கரச் சத்தமும் அவருடைய சத்தத்தை மூடாது.

இடம்

ஸ்கேட் பார்க் பாதுகாப்பானது, பயிற்சிக்கு நல்லது. ஆனால் வீடியோவுக்கு மதிப்புக் கூட்டுவது தெருதான். சான்ஃபிரான்சிஸ்கோவின் எம்பர்காடெரோ, ஃபிலடெல்ஃபியாவின் லவ் பார்க், பார்சிலோனாவின் மக்பா சதுக்கம் ஆகியவை ஸ்கேட் வீடியோக்களால் ஸ்கேட்டர்களிடையே புகழ் பெற்றவை. ஒன்றுகூட ஸ்கேட்டிங்குக்காகக் கட்டியது அல்ல.

முந்தின நாளே போய்ப் பாருங்கள். ஓடிவர எவ்வளவு தூரம் இருக்கிறது, இறங்கிய பிறகு உருண்டு போக இடம் இருக்கிறதா, வெயில் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். துடைப்பம் கட்டாயம் எடுத்துப் போங்கள். ஒரு சின்னக் கல் போதும், சக்கரம் சட்டென்று நின்று ஆளைத் தூக்கி எறிந்துவிடும். திண்டு வழுக்க மெழுகு தேய்ப்பதென்றால் கொஞ்சமாகத் தேய்க்கச் சொல்லுங்கள். கோயில், நினைவுச்சின்னம், மருத்துவமனை வாசல் பக்கம் போகவே வேண்டாம். காவலாளி வந்து நிறுத்தச் சொன்னால் கேமராவை அவர் முகத்தில் நீட்டாமல் கிளம்புங்கள்.

படமெடுக்கும்போது

இங்கேதான் அதிக நேரம் போகும், அதிகப் பொறுமையும் வேண்டும்.

எடுக்கும் முறை இரண்டு. ஒன்று, நிற்காமல் தொடர்ந்து மூன்று நான்கு ட்ரிக் போடும் ‘லைன்’. அதற்கு நீங்களும் பலகையில் ஏறி, அகன்ற லென்ஸோடு பக்கத்திலேயே போக வேண்டும். கேமரா அவருடைய முழங்கால் உயரத்தில் இருக்கட்டும். தலை, பலகை இரண்டும் எப்போதும் சட்டத்துக்குள் இருக்க வேண்டும். ஃபிஷ்ஐ லென்ஸில் மூன்றடி தள்ளினாலே ஆள் சின்னப் பொம்மையாகிவிடுவார். அதனால் பயப்படாமல் நெருங்குங்கள், ஆனால் அவர் பாதையில் குறுக்கே வராதீர்கள். முதலில் கேமரா இல்லாமல் இரண்டு பேரும் அந்த வழியை ஒருமுறை ஓடிப் பாருங்கள். அவர் எங்கே தள்ளுவார், எங்கே குனிவார் என்பது உங்கள் உடம்புக்குத் தெரிய வேண்டும்.

மற்றது படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி போன்ற பெரிய ட்ரிக். தள்ளி நின்று, அசையாமல் எடுக்க வேண்டும். ஓடிவருவது தெரியட்டும், படி எத்தனை என்று எண்ண முடியட்டும், இறங்கி உருண்டு போவதும் தெரியட்டும். நடுவில் ஜூம் செய்யாதீர்கள். நண்பர் ஒருவர் இன்னொரு கோணத்தில் 120 ஃப்ரேமில் எடுத்தால் மெதுவாக ஓட்டிக் காட்ட உதவும்.

இறங்கியவுடன் கேமராவை நிறுத்திவிடுவதுதான் புதிதாக எடுப்பவர்கள் எல்லோரும் செய்வது. ஸ்கேட்டர்கள் கணக்கில், உருண்டு போனால்தான் ட்ரிக் முடிந்தது. கை தரையில் பட்டால் செல்லாது. பலகையில் நின்றபடியே பத்தடியாவது போவதை எடுங்கள். அதன்பின் முகத்தில் வரும் சந்தோஷத்தையும் நண்பர்கள் ஓடிவந்து கட்டிப்பிடிப்பதையும் எடுங்கள். அந்தச் சில நொடிகளில்தான் ஒரு ட்ரிக் ஒரு மனிதருடையதாகிறது.

ஒரு ட்ரிக்குக்கு ஐம்பது முயற்சிகூட ஆகலாம். ஒவ்வொன்றையும் முதல் முயற்சியைப் போலவே எடுக்க வேண்டும். நாற்பதாவதில் கவனம் சிதறி, நாற்பத்தொன்றில் அவர் இறங்கிவிட்டால் அவரை மறுபடி செய்யச் சொல்ல உங்களுக்கு வாயே வராது. ‘இன்னும் ஒரு தடவை’ என்பதை ஆடுகிறவர்தான் சொல்ல வேண்டும், கேமராக்காரர் ஒருபோதும் சொல்லக் கூடாது. களைத்த காலோடு பெரிய படிக்கட்டில் குதிப்பது ஆபத்து. அவர் தயங்கினால் நீங்களே கேமராவை மூடி, ‘நாளைக்கு வரலாம்’ என்று சொல்லுங்கள். விழுந்து எழுந்திருக்கவில்லை என்றால் படமெடுப்பதை விட்டுவிட்டு ஓடுங்கள். தலையில் அடி என்றால் அன்றைய ஆட்டம் முடிந்தது, அடுத்தது மருத்துவர்.

அடுக்குதல்

அன்றைக்கு எடுத்ததை அன்றிரவே கணினியில் ஏற்றி, பெயர், இடம், ட்ரிக், தேதி போட்டு வையுங்கள். இரண்டு தனித்தனி டிரைவில் பிரதி இருக்கட்டும்.

தொகுக்கும்போது வரிசைதான் முக்கியம். இரண்டாவது வலுவான பார்ட்டை முதலில் வையுங்கள், மிக வலுவானதைக் கடைசியில். நடுவில் நண்பர்களின் கதம்பம் ஒன்று வரலாம். ஒவ்வொரு பார்ட்டுக்குள்ளும் அதே கணக்கு: திறப்பது நல்ல ட்ரிக், முடிப்பது அவருடைய உச்சம். இரண்டரை நிமிடத்துக்குப் போதுமான நல்ல கிளிப் இல்லையா, ஒன்றரை நிமிடமே போதும். சுமாரானதைப் போட்டு நீட்டினால் நல்லதும் சேர்ந்து மங்கும். மெதுவாக ஓட்டுவதை ஒரு பார்ட்டில் இரண்டு மூன்று இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சக்கரச் சத்தத்தைப் பாட்டுக்கு அடியில் புதைக்காதீர்கள். பெயரைத் தொடக்கத்திலேயே பெரிதாக, பிழையில்லாமல் போடுங்கள். எழுத்தை அவரிடமே கேட்டுச் சரிபாருங்கள்.

பாட்டு விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். சினிமாப் பாட்டை எடுத்துப் போட்டால் இணையத் தளங்கள் ஒலியை அணைக்கும், சில சமயம் வீடியோவையே நீக்கும். பாதிக்கப்படுவது அந்த அமெச்சூர்தான். உங்கள் ஊரிலேயே இசைக்குழு வைத்திருக்கும் இளைஞர்கள் இருப்பார்கள். அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்கிப் பயன்படுத்துங்கள், முடிவில் அவர்கள் பெயரையும் போடுங்கள்.

வெளியீடு

இணையத்தில் ஏற்றுவதற்கு முன் ஒரு மாலை எல்லோரும் கூடிப் பாருங்கள். கடை மாடியோ, பள்ளி அரங்கோ, வெள்ளைச் சுவரோ போதும். ஆடியவர்களின் அப்பா அம்மாவையும் கூப்பிடுங்கள். மறுநாள் முழு வீடியோவையும், ஒவ்வொருவரின் பார்ட்டைத் தனித்தனியாகவும் ஏற்றுங்கள். நிறுவனத்துக்கோ கடைக்கோ அனுப்பும்போது அந்தத் தனி பார்ட்டின் இணைப்போடு பெயர், வயது, ஊர், எவ்வளவு நாளாக ஆடுகிறார் என நாலு வரி எழுதினால் போதும். வெட்டாத மூலக் கிளிப்புகளை ஒரு பென் டிரைவில் போட்டு அவரவர் கையில் கொடுத்துவிடுங்கள். அடுத்த வீடியோவை வேறொருவர் எடுக்கும்போது அவை தேவைப்படும்.