கோல் போடாதவர்களையும் பார், தம்பி

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. மாவட்ட ஹாக்கி அணியில் ரைட் ஹாஃபாக இடம் கிடைத்ததற்கு முதலில் வாழ்த்துகள். சந்தோஷத்தை எழுதிய கையோடு, ஃபார்வர்டில் போட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்றும், சாயங்காலம் தனியாக டிராக் ஃப்ளிக் பழகிக்கொண்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறாய். கடைசியில், இந்திய அணியில் எக்காலத்துக்கும் எனக்குப் பிடித்த ஆட்டக்காரர்கள் யார், அவர்களில் யாரைப் பார்த்துப் பழகலாம் என்று கேட்டிருக்கிறாய். மூன்றுக்கும் சேர்த்து ஒரே பதில்தான் என்னிடம் இருக்கிறது.

நான் ஸ்டிக் பிடித்து ஆடியவன் அல்ல. எழும்பூர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்திலும், உங்கள் கோவில்பட்டியில் லட்சுமி அம்மாள் கோப்பைக்கும் கேலரியில் உட்கார்ந்து தொண்டை கட்டக் கத்தியவன். ஆடுகிறவனுக்கு ரசிகன் புத்தி சொல்லலாமா என்று உனக்குத் தோன்றலாம். ஸ்டிக்கை எப்படிப் பிடிப்பது என்று நான் சொல்லப்போவதில்லை. அதற்கு உன் கோச் இருக்கிறார். யாரைப் பார்ப்பது, எந்த நேரத்தில் பார்ப்பது என்பதை மட்டும் சொல்கிறேன். அது ரசிகனுக்குத் தெரிந்த வேலைதான்.

2021 ஆகஸ்ட் 5, டோக்கியோ ஒலிம்பிக். வெண்கலப் பதக்க ஆட்டம். ஜெர்மனியிடம் 1-3 எனப் பின்தங்கியிருந்த நம் அணி எழுந்து 5-4 என முன்னால் நிற்கிறது. ஆட்டம் முடிய ஏழு விநாடிகூட இல்லை; ஜெர்மனிக்கு ஷார்ட் கார்னர். நம் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் அதைத் தடுத்தார். 41 ஆண்டுகளுக்குப் பிறகு ஒலிம்பிக் பதக்கம் வந்தது. அவர் கோல்போஸ்ட் மேல் ஏறி உட்கார்ந்த படத்தை நீ நிச்சயம் போனில் வைத்திருப்பாய். வைத்துக்கொள், அதற்குத் தகுதியானவர்தான். கிழக்கம்பலத்திலிருந்து திருவனந்தபுரம் ஜி.வி.ராஜா விளையாட்டுப் பள்ளிக்குப் போய், குண்டு எறிதல், நீளம் தாண்டுதல் என்று சுற்றிவிட்டுக் கடைசியில் கோல்கீப்பர் பேடைக் கட்டிக்கொண்ட மனிதர் அவர். என் பட்டியலில் முதல் பெயரும் அவர்தான்.

இரண்டாவது பெயர் அந்தப் படத்தில் இல்லை. அமித் ரோஹிதாஸ். ஷார்ட் கார்னரை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு தடவை கேலரியிலிருந்து பார். எதிரணி ஆள் பேக்லைனிலிருந்து பந்தைத் தள்ளுகிறார். டி-க்கு வெளியே ஒருவர் நிறுத்துகிறார். இன்னொருவர் இழுத்து ஃப்ளிக் செய்கிறார். மூன்றும் முடிய ஒன்றரை விநாடி ஆகுமா? அதற்குள் நம் கோல்கோட்டிலிருந்து ஒருவர், முகத்தில் மாஸ்க், முழங்காலில் கார்டு, கையில் கனத்த கிளவுஸ் என்று நேராக அந்த ஃப்ளிக்கை நோக்கியே ஓடுகிறார். பந்து மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. எல்லோரும் விலக நினைக்கும் பாதையில் அவர் உடம்பைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். பந்து அவர்மேல் பட்டால் கோல் இல்லை. படாவிட்டாலும், அவருக்குப் பயந்து ஃப்ளிக்கர் கோணத்தை மாற்றுவார், கோல்கீப்பருக்கு மூலை தெரிந்துவிடும். டோக்கியோவில் முதல் ரஷ்ஷராக அந்த வேலையைச் செய்தவர் ரோஹிதாஸ். ஸ்கோர் ஷீட்டில் இதற்கென்று ஒரு கட்டம் கிடையாது.

மூன்று வருடம் கழித்துப் பாரிஸில் கணக்குத் தெரிந்தது. பிரிட்டனுடன் கால் இறுதி. 17-வது நிமிடத்தில் ரோஹிதாஸுக்கு ரெட் கார்டு. மீதி நாற்பது நிமிடத்துக்கு மேல் பத்தே பேரோடு ஆடி, 1-1 என்று நிறுத்தி, ஷூட்-அவுட்டில் 4-2 என்று வென்றார்கள். ஃபார்வர்டுகள் எல்லாம் டிஃபன்ஸ் ஆடிய நாள் அது. தடை காரணமாக ஜெர்மனியுடனான அரையிறுதியில் அவர் இல்லை. 2-3 என்று தோற்றோம். அந்த ஒரே காரணத்தால் தோற்றோம் என்று சொல்ல மாட்டேன். ஆனால், கார்னர் விழும்போதெல்லாம் மாஸ்க்கோடு முதலில் ஓடிவரும் உருவத்தை என் கண் தேடியது உண்மை. பிறகு ஸ்பெயினை 2-1 என்று வென்று வெண்கலம் வாங்கியதும், ஸ்ரீஜேஷ் அதோடு விடைபெற்றதும் உனக்குத் தெரியும்.

நான் சொல்ல வந்தது இதுதான். கோல் போட்டவரைப் பிடிக்க ரசிகனாக இருக்கவே தேவையில்லை. பேப்பர் படித்தாலே போதும். யாரும் எண்ணாத ஒரு வேலையைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டவர் யார் என்று தேடு. அவர்தான் உனக்கு வாத்தியார்.

உன் இடத்துக்கே வருகிறேன். ரைட் ஹாஃப் என்றால் சும்மா இல்லை தம்பி. லெஸ்லி கிளாடியஸ் ஆடிய இடம் அது. 1948, 1952, 1956-இல் தங்கம், 1960-இல் கேப்டனாக வெள்ளி: நான்கு ஒலிம்பிக், நான்கு பதக்கம். கால்பந்து ஆடிக்கொண்டிருந்தவர், கரக்பூரில் ஒரு நாள் ஆள் குறைந்ததால் ஹாக்கி ஸ்டிக்கைக் கையில் எடுத்தார். ஹாஃபில் நிற்பவருக்கு ஆட்டம் முழுக்க இரண்டு வேலை. பந்து நம்மிடம் இருக்கும்போது ஃபார்வர்டுக்கு அது போய்ச் சேர வேண்டும். இல்லாதபோது எதிரணி விங்கர் உள்ளே வரக் கூடாது. இரண்டையும் சரியாகச் செய்தால், அந்தப் பக்கம் எதுவுமே நடக்கவில்லை என்றுதான் கேலரி நினைக்கும். உன் பக்கம் ஒன்றும் நடக்கவில்லை என்று யாராவது சொன்னால், அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்.

சென்டர் ஹாஃபுக்கு அஜித்பால் சிங். ஜலந்தர் பக்கத்துச் சன்சார்பூர்க்காரர். ஒலிம்பிக் ஆட்டக்காரர்களை வரிசையாகக் கொடுத்த சின்னக் கிராமம் அது. 1975-இல் கோலாலம்பூரில் நாம் உலகக் கோப்பையை வென்றபோது கேப்டன் அவர்தான். இன்றுவரை ஆண்கள் அணி வென்ற ஒரே உலகக் கோப்பை அதுதான். பாகிஸ்தானுடனான இறுதி ஆட்டத்தில் சுர்ஜித் சிங்கும் அசோக் குமாரும் போட்ட கோல்களை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதற்கு முந்திய மலேசிய ஆட்டம்தான் பெரிது. கடைசி நிமிடங்களில் 1-2 என்று தோற்றுக்கொண்டிருக்கிறோம். ஷார்ட் கார்னர் கிடைக்கிறது. பெஞ்சில் இருந்த அஸ்லம் ஷேர் கானை உள்ளே அனுப்புகிறார்கள். கழுத்துத் தாயத்தை முத்தமிட்டுவிட்டு அடித்தார், கோல். கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் வெற்றிக் கோலைப் போட்டார். அந்தத் தாயத்தைப் பற்றி ஐம்பது வருடமாகப் பேசுகிறோம். அந்தக் காலத்தில் கார்னரில் பந்தைக் கையாலேயே நிறுத்தலாம். புல் தரை, பந்து எப்படித் துள்ளும் என்று சொல்ல முடியாது. அப்படி வந்த பந்தை ஒருவர் அசையாமல் நிறுத்தி வைத்ததால்தான் அஸ்லம் அடிக்க முடிந்தது. நிறுத்திய கையைப் பற்றி யாராவது பேசிக் கேட்டிருக்கிறாயா?

அந்த 1975 அணியில் நம் ஊர் வி.ஜே. பிலிப்ஸும் இருந்தார், 1980-இல் மாஸ்கோவில் தங்கம் வென்ற அணிக்குக் கேப்டன் சென்னை பாஸ்கரன். அவரும் உன்னைப் போல ஹாஃப்தான். உன் டர்ஃபிலேயே ஆடி 2022-இல் இந்திய அணிக்குப் போன மாரீஸ்வரனையும் கார்த்தியையும் உனக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

சரி, ஃபார்வர்டே பிடிக்காதா என்று கேட்பாய். தன்ராஜ் பிள்ளையைப் பிடிக்காமல் எப்படி? புனே பக்கம் கட்கியில், ஆர்டினன்ஸ் பேக்டரி குடியிருப்பில், தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். உடைந்த ஸ்டிக்குகளை வைத்துப் புழுதித் தரையில் அண்ணன் தம்பிகளோடு ஆடிப் பழகியவர். வலது பக்கம் பந்தை எடுத்துக்கொண்டு முடி பறக்க அவர் ஓட ஆரம்பித்தால், கேலரி மொத்தமும் தானாக எழுந்து நிற்கும். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டு. 1998-இல் பாங்காக்கில், 32 வருடத்துக்குப் பிறகு ஆசிய விளையாட்டுத் தங்கத்தைக் கொண்டுவந்த கேப்டன். ஆனால் ஒலிம்பிக் பதக்கம் ஒன்றுகூடக் கிடையாது. 2000 சிட்னியில் போலந்துடன் வென்றால் அரையிறுதி. 1-0 என்று முன்னால் இருந்துவிட்டு, கடைசி நிமிடங்களில் கோல் வாங்கி 1-1 ஆனது. அவர் நாட்டுக்காகப் போட்ட கோல்களுக்குச் சரியான கணக்கைக்கூட ஹாக்கி சங்கம் வைத்திருக்கவில்லை. பதக்கப் பட்டியலை மட்டும் வைத்துப் பிடித்தவரைத் தேர்ந்தெடுத்தால் தன்ராஜை விட்டுவிட வேண்டியதுதான். அப்படிப்பட்ட பட்டியல் எனக்கு வேண்டாம்.

தியான் சந்த் இல்லாமல் பட்டியல் ஏது? 1936 பெர்லின் இறுதியில் ஜெர்மனியை 8-1 என்று தோற்கடித்த கதையைத்தான் உனக்குச் சொல்லியிருப்பார்கள். போட்டி தொடங்கும் முன் பயிற்சி ஆட்டத்தில் அதே ஜெர்மனியிடம் 4-1 என்று தோற்றதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தோற்றதும் இந்தியாவுக்குத் தகவல் பறந்தது. இன்சைட் ரைட் ஆட தாரா என்பவர் கிளம்பி வந்து, அரையிறுதிக்குமுன் சேர்ந்துகொண்டார். உலகமே மந்திரவாதி என்று கொண்டாடிய கேப்டன் இருந்த அணிக்கும், பக்கத்தில் நின்று பந்தை வாங்கிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. 1952 ஹெல்சிங்கி இறுதியில் ஆறு கோலில் ஐந்தைத் தனியாகப் போட்ட பல்பீர் சிங்குக்கும், மாஸ்கோ இறுதியில் நான்காவது கோலைப் போட்ட முகமது ஷாகிதுக்கும் பின்னால் இப்படி ஆள் உண்டு. வாரணாசி ஷாகிதின் டிரிப்ளிங்கைப் பழைய வீடியோவில் பார். பார்த்துக் கை தட்டு. ஆட்டத்தில் முயற்சி செய்யாதே. அது அவரோடு வந்தது, அவரோடு போயிற்று.

பட்டியலில் இன்னும் இருவர். ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டத்திலிருந்து வந்து 412 ஆட்டங்கள் பின்வரிசையில் நின்ற திலீப் திர்கி. டோக்கியோ கால் இறுதியில் ஆஸ்திரேலியப் பெண்கள் அணிக்கு ஒரு கோல்கூடக் கொடுக்காத நம் கோல்கீப்பர் சவிதா. அந்த 1-0 ஆட்டத்தை நீயும் உன் தங்கையும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள்.

ஒரு கசப்பான பெயரையும் சொல்லிவிடுகிறேன். சங்கர் லட்சுமண். ஹெல்மெட் இல்லாத காலத்துக் கோல்கீப்பர். 1964 டோக்கியோ இறுதியில் பாகிஸ்தானை 1-0 என்று வென்றபோது, அந்த 0 அவருடையது. இரண்டு தங்கம், ஒரு வெள்ளி வாங்கியவர் 2006-இல் மவ் நகரில் நோயிலும் வறுமையிலும் இறந்தார். நாடு கொண்டாடும், பிறகு மறந்துவிடும். ஆகவே பிளஸ் டூவைக் கோட்டை விடாதே. ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, ரயில்வே என்று ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை எங்கே வந்தாலும் விண்ணப்பம் போடு. மாதச் சம்பளம் வந்தால்தான் நிம்மதியாக ஆட முடியும்.

டிராக் ஃப்ளிக் பழக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கோச் பக்கத்தில் இல்லாமல், சாயங்காலம் தனியாக நூறு தடவை குனிந்து இழுத்தால், வளர்கிற வயதில் இடுப்பு போய்விடும். உங்கள் அணியில் ஃப்ளிக் செய்ய ஆசைப்படுகிறவர் எட்டுப் பேர் இருப்பார்கள். பேக்லைனிலிருந்து பந்தை நேராக, வேகமாக, துள்ளாமல் தள்ளத் தெரிந்தவர் எத்தனை பேர்? வருகிற பந்தை ஸ்டிக்கைத் தரையோடு படுக்க வைத்து ஒரே தடவையில் நிறுத்தத் தெரிந்தவர்? எனக்குத் தெரிந்து எந்தப் பள்ளி அணியிலும் ஒருவருக்கு மேல் கிடையாது. அந்த ஒருவர் நீயாக இரு. ஸ்டாப்பர் சரியில்லை என்றால் நம் டிராக் ஃப்ளிக்கர் ஹர்மன்பிரீத்தே வந்தாலும் கோல் விழாது.

ஆட்டம் பார்க்கும்போதும் இதே வழக்கத்தை வைத்துக்கொள். டிவியில் பார்த்தால் கேமரா பந்தோடு ஓடிவிடும். அதனால் நேரில் பார். ஒரு கால்பகுதி முழுக்கப் பந்தை விட்டுவிட்டு உன் இடத்தில் ஆடுகிறவரை மட்டும் பார்த்துக்கொண்டிரு. பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது அவர் எங்கே நகர்கிறார், பந்தைப் பறிகொடுத்தால் அடுத்த மூன்று அடி எந்தத் திசையில் வைக்கிறார், தலையில் கை வைத்து நிற்கிறாரா, திரும்பி ஓடுகிறாரா என்று கவனி. இருபது ஆட்டம் இப்படிப் பார்த்தால், யாரைப் பார்த்துப் பழகலாம் என்று என்னைக் கேட்க மாட்டாய்.

என் பட்டியலை எழுதிவிட்டேன். இனி உன் முறை. அடுத்து கோவில்பட்டியில் நடக்கும் போட்டியைப் பார்த்துவிட்டு, உனக்குப் பிடித்த ஐந்து பேரை எழுதி அனுப்பு. ஒரே நிபந்தனை: அன்றைக்குக் கோல் போட்ட யார் பெயரும் அதில் இருக்கக் கூடாது. ஒவ்வொரு பெயருக்கும் நேராக ஏன் பிடித்தது என்று ஒரு வரி. "நன்றாக ஆடினார்" என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
உன் அப்பாவின் பழைய சிநேகிதன்