கோழிக்குத் தீனியும் தண்ணீரும்

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவி)

“கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?” என்பது நம் பழமொழி. சாகாதுதான். ஆனால் தீனி வைக்கும் கை தவறினால் கோழியே செத்துவிடும் என்பதை நாங்கள் இவ்வாண்டு கண்ணாரக் கண்டோம். விடுதியின் பின்கட்டில் உள்ள பன்னிரண்டு நாட்டுக்கோழிகளைப் பேணும் பொறுப்பு பத்தாம் வகுப்பினராகிய எங்களுக்குக் கிடைத்தது. அவை இடும் முட்டைகள் விடுதியிலுள்ள சின்னத் தங்கையரின் தட்டுக்குப் போகும். நாங்கள் கற்றதையும், தவறு செய்து கற்றதையும் இங்கே எழுதுகிறோம்.

தீனி

அடைத்து வளர்க்கும் முட்டைக்கோழி ஒன்று நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் வரை தீனி தின்னும். வெளியே மேயும் நாட்டுக்கோழி புல், பூச்சி, புழு என்று ஒரு பங்கைத் தானே தேடிக்கொள்ளும். ஆயினும் வெறும் அரிசியையும் சோற்றையும் மட்டும் போட்டால் போதாது. அவை உடலுக்குச் சூடும் வலுவும் தரும். முட்டைக்கு வேண்டிய புரதத்தைப் போதிய அளவு தரமாட்டா.

பத்து கிலோ தீனிக்கு நாங்கள் சேர்த்த அளவு இது: உடைத்த மக்காச்சோளம் அல்லது கம்பு 5 கிலோ, தவிடு இரண்டரைக் கிலோ, கடலைப் பிண்ணாக்கு 2 கிலோ, உப்பிடாத மீன் தூள் அரைக் கிலோ. உப்புக் கருவாடு கூடாது. மிகுந்த உப்பு கோழிக்கு நஞ்சாகும்.

முட்டை ஓட்டின் பெரும்பகுதி சுண்ணாம்புச் சத்து. ஓர் ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் உண்டு. அது தீனியில் கிடைக்காவிடில் கோழி தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கும். எனவே நொறுக்கிய கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வைக்கவேண்டும். கோழிக்குப் பல் இல்லை. அது விழுங்கும் சிறு கற்களே அரைவைப்பையில் இருந்து தானியத்தை அரைக்கின்றன. ஆகவே பருமணலும் அருகில் இருத்தல் நலம்.

புளித்த தீனி

நம் வீடுகளில் தோசை மாவு புளிப்பதைப் போலவே கோழித் தீனியையும் புளிக்க வைக்கலாம். மண்பானையில் தானியத்தையும் தவிட்டையும் இட்டு, அவற்றுக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்கும்படி கிணற்றுநீர் ஊற்றவேண்டும். தானியம் ஊறி நீர் குறைந்தால் மீண்டும் ஊற்றவேண்டும். துணியால் வாய் கட்டி, காலையும் மாலையும் கிளறிவிடவேண்டும். நம் ஊர் வெயிலுக்கு ஒன்று அல்லது இரண்டு நாளில் நுரை கட்டி, இனிய புளிப்பு வாசனை எழும். தானியத்தில் இயல்பாக உள்ள நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்குவதே இதற்குக் காரணம். அந்த அமிலம் அழுகச் செய்யும் கிருமிகள் பலவற்றைப் பெருகவிடாது. தானியத்தில் கட்டுண்டு கிடக்கும் பாஸ்பரஸ் சத்தும் ஓரளவு விடுபட்டுக் கோழிக்குப் பயன்படும். ஈரமாக இருப்பதால் தூளாகச் சிந்தி வீணாவதும் குறைவு.

பரிமாறும்போது பிண்ணாக்கையும் மீன் தூளையும் கலந்து, ஒரு மணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவே வைக்கவேண்டும். மிஞ்சியதை அகற்றித் தொட்டியைக் கழுவவேண்டும். பானையில் சிறிது புளித்த நீரை மிச்சம் வைத்தால் அடுத்த முறைக்கு அதுவே உறை.

எங்கள் பிழை

ஐப்பசி மழையில் மக்காச்சோள மூட்டையின் அடிப்பக்கம் நனைந்துவிட்டது. நாங்கள் பார்த்தபோது பச்சைப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. கொட்ட மனம் வரவில்லை. “வெயிலில் காயவைத்துப் புளிப்புப் பானையில் போட்டால் சரியாகிவிடும்” என்று எங்களுக்குள்ளேயே முடிவு செய்தோம். யாரையும் கேட்கவில்லை. சில நாட்களில் கோழிகள் தீனியை வெறுத்தன, இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒடுங்கின, முட்டையும் குறைந்தது. ஒரு காலை எங்கள் புள்ளிக்கோழி இறந்து கிடந்தது.

கால்நடை மருத்துவர் அதை அறுத்துக் காட்டினார். ஈரல் வீங்கி, வெளிறி, மஞ்சளாக இருந்தது. மூட்டையைப் பார்த்ததும், “பூஞ்சண நஞ்சு” என்றார். அதன் பெயர் அஃப்ளடாக்சின். 1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டபோது, அவை தின்ற கடலைப் பிண்ணாக்கில் இருந்தே இந்நஞ்சு கண்டறியப்பட்டது. காய வைத்தாலும் வேக வைத்தாலும் அது அழியாது. புளிக்க வைப்பதையும் நம்ப முடியாது. முட்டை வழியே அது சிறிதளவு மனிதருக்கும் வரக்கூடும் என்று மருத்துவர் சொன்னபோது எங்களுக்கு உடல் நடுங்கியது. தங்கையரின் தட்டு அல்லவா நினைவுக்கு வந்தது! அவர் சொன்ன நாள் வரை முட்டைகளைக் குழியில் புதைத்தோம். மூட்டையையும் எரித்தோம். நல்ல தீனி கண்ட பிறகு மற்றப் பதினொன்றும் தேறின. சிஸ்டர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. “சிக்கனம் வேறு, பேராசை வேறு” என்று மட்டும் சொன்னார்கள்.

தண்ணீர்

கோழி தின்னும் தீனியைப்போல் இருமடங்கு எடை நீர் குடிக்கும். அதாவது நாளைக்குக் கால் லிட்டர் அளவு. கோடையில் இது இன்னும் மிகும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்கியே சூட்டைத் தணிக்கிறது. அப்போது நீர் ஆவியாகப் போகிறது. முட்டையிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீரே. எனவே நிழலில் மண்சட்டி வைத்து, காலையும் நண்பகலும் நீர் மாற்றவேண்டும்.

குஞ்சுகள் ஆழமான பாத்திரத்தில் விழுந்து மூழ்கிவிடும். அவற்றுக்கு எளிய வழி உண்டு. காலி டப்பாவின் வாய் விளிம்புக்கு அருகே ஒரு துளை இடுங்கள். துளை, தட்டின் விளிம்பைவிடத் தாழ்வாக இருக்கவேண்டும். டப்பாவில் துளைக்குச் சற்றுக் கீழ் வரை நீர் நிரப்பி, தட்டால் மூடி, இரண்டையும் சேர்த்துக் கவிழ்த்துவிடுங்கள். துளை மூழ்கும்வரை நீர் வரும். பிறகு காற்று உள்ளே புக முடியாததால் நின்றுவிடும். குஞ்சு குடித்து நீர் தாழ்ந்ததும் மீண்டும் வரும். பாடநூலில் நாம் படித்த காற்றழுத்தம் இதுவே!

அன்புத் தோழியரே, வீட்டில் நான்கு கோழிகள் இருந்தாலும் போதும். அவற்றின் தீனி மூட்டையை இன்றே திறந்து முகர்ந்து பாருங்கள். பூஞ்சணம் கண்டால் தயங்காது கொட்டிவிடுங்கள். நம் கையை நம்பித் தலைகுனிந்து கொத்தும் வாயில்லாச் சீவனுக்கு, நல்லதும் கெட்டதும் பார்த்துக் கொடுக்கவேண்டியவர்கள் நாம்தாம்.