80 லட்சத்துக்குக் கீழே இருந்தால் தப்பிவிடலாமா?

கேள்வி: ஜொகூர் பாரு வட்டாரத் தமிழர்களுக்காக வேலை வாய்ப்பு, வாடகை வீடு, கோயில் செய்திகள் போடும் சிறிய இணையத்தளம் ஒன்றை நானும் இரண்டு நண்பர்களும் நடத்துகிறோம். வாசகர்கள் கருத்து எழுதவும் இடம் உண்டு. புதிய இணையச் சட்டங்கள் பெரிய நிறுவனங்களுக்குத்தான், உங்களுக்கு இல்லை என்கிறார்கள். உண்மையா?
- வாசகர், மாசாய், ஜொகூர்

பதில்: பாதி உண்மை. 2025 ஜனவரி முதல் சமூக ஊடகங்கள் உரிமம் பெற வேண்டும் என்ற விதி, மலேசியாவில் 80 லட்சம் பயனர்களும் அதற்கு மேலும் உள்ள தளங்களுக்குத்தான். 2026 ஜனவரி 1 அன்று நடப்புக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டமும் உரிமம் பெற்ற சேவை நிறுவனங்களையே குறிவைக்கிறது. கடமை தவறினால் 1 கோடி ரிங்கிட் வரை அபராதம். உங்கள் தளம் அந்தக் கணக்கில் வராது.

உங்களைப் பிடிக்கக்கூடியது பழைய சட்டம். 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் 2012இல் 114ஏ என்றொரு பிரிவைச் சேர்த்தார்கள். தளத்தின் உரிமையாளர், நிர்வாகி, ஆசிரியர் என்று யார் பெயர் இருக்கிறதோ, அவரே அதை வெளியிட்டவர் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். 'நான் இல்லை' என்று நிரூபிப்பது அவர் பாடு. இங்கே 80 லட்சம், 80 பேர் என்ற பேச்சே கிடையாது.

இந்தப் பிரிவு பயன்பட்ட மலேசியாகினி செய்தித்தள வழக்கு நினைவிருக்கும். நீதித்துறையைத் தாக்கிய ஐந்து வாசகர் கருத்துகளுக்காக 2021 பிப்ரவரி 19 அன்று கூட்டரசு நீதிமன்றம் அந்நிறுவனத்தை அவமதிப்புக் குற்றவாளி என்றது. தெரியவந்ததும் கருத்துகளை நீக்கியிருந்தார்கள்; அது போதவில்லை. ஏழு நீதிபதிகளில் நளினி பத்மநாதன் ஒருவரே மாறுபட்டார். அரசுத் தரப்பு கேட்டது 2 லட்சம் ரிங்கிட், விதித்தது 5 லட்சம்! வாசகர்கள் சில மணி நேரத்தில் அந்தத் தொகையைத் திரட்டிக் கொடுத்தார்கள். உங்களுக்கு யார் திரட்டுவார்கள்?

முகநூலுக்கு 5 லட்சம் ஒரு செலவே இல்லை. உங்களுக்கோ கடையை மூட வேண்டியதுதான். அதனால்தான் சிறிய தளங்கள் பயந்து கருத்துப் பகுதியை மூடிவிட்டு, 'முகநூலில் பேசுங்கள்' என்று சொல்லிவிடுகின்றன. பெரியவர்களை அடக்க ஆயிரம் சட்டம் போட்டாலும், இந்தப் பழைய பிரிவு இருக்கும்வரை கூட்டம் அவர்கள் பக்கமே போகும் என்பது என் எண்ணம். 80 லட்சம் என்ற வரம்பை உரிமத்துக்கு வைத்தவர்கள் இதற்கும் ஒரு வரம்பு வைத்திருக்கலாம்.

முகநூல் பக்கத்துக்குப் போனாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. தங்கள் முகநூல் பக்கத்தில் பிறர் எழுதிய அவதூறுக்குச் செய்தி நிறுவனங்களையே வெளியீட்டாளர்களாகக் கருதலாம் என்று 2021இல் ஆஸ்திரேலியாவின் உச்ச அமைப்பான உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வேலை, வீடு விளம்பரங்களுக்குக் கருத்துப் பகுதி இருக்கட்டும். இனம், மதம், அரச பரம்பரை, நீதிமன்றம் சார்ந்த செய்திகளில் மூடிவிடுங்கள். படித்துப் பார்த்து அனுமதிக்கும் முறை வைத்தால், அனுமதித்த ஒவ்வொன்றுக்கும் நீங்களே பொறுப்பு. 'தெரியாது' என்று பிறகு சொல்ல முடியாது. புகார் வந்த நேரம், நீக்கிய நேரம் இரண்டையும் குறித்து வையுங்கள். நிர்வாகிகள் பட்டியலில் பெயர் உள்ள நண்பர்கள் இருவரிடமும் இதையெல்லாம் சொல்லிவிடுங்கள். 114ஏ அவர்களையும் சேர்த்துத்தான் பார்க்கும்.